எதாலை திரும்பிறது, அக்கா?

ஆடி மாதம் பாதி கடந்துவிட்டால் எங்கள் பக்கத்து வீட்டு டெலிபோன் ஓயாது. இல்ஃபோர்டின் வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் என்பது பேருக்குத்தான். அங்கே மணி அடித்தால் இங்கே நான் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிடுவேன். பிறகுதான் அக்காவின் குரல் கேட்கும்.

"ஓம், சொல்லுங்கோ. எங்கையிருந்து வெளிக்கிடுறியள்? காரிலை எத்தினை பேர்? ஆரார் நீலப் புத்தகம்? டிக்கிக்கை என்ன கிடக்கு? எனக்குப் பொய் சொல்லாதேங்கோ, நான் கஸ்டம்ஸ்காரி இல்லை."

இவ்வளவும் கேட்டபிறகு தீர்ப்பு வரும். "பாசல் எல்லையாலை வராதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கை சனம் கூட, நிக்கிறவங்களும் எரிச்சலிலை நிப்பாங்கள். கொஞ்சம் சுத்தினாலும் காரியமில்லை, மலைப்பக்கத்துச் சின்னக் கடவையாலை இறங்குங்கோ."

அக்காவுக்கு நான் இங்கே பெயர் வைக்கப்போவதில்லை. எல்லோரும் அவரை அக்கா என்றார்கள், அவரைவிட மூத்த ஆட்களும்கூட. எண்பதுகளின் பிற்பாதியில் லண்டனில் எங்கள் சனத்துக்குக் கொஞ்சம் கால் ஊன்ற முடிந்திருந்தது. பழைய கார் ஒன்று வாங்கக் காசு வந்தது. கோடை விடுமுறை விட்டதும் ஜெர்மனியில் தங்கச்சி, சுவிஸில் மைத்துனர், பாரிஸில் ஒன்றுவிட்ட சகோதரம் என்று பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு புறப்படுவோம். போகும்போது ஒருவருக்கும் பயமில்லை. கறிச்சோறும் கட்டிக்கொண்டு பாட்டோடு போவோம். திரும்புவதற்கு முதல் நாள்தான் எல்லை ஞாபகம் வரும். ஒருவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கும், மனைவியிடம் அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம் இருக்கும், மாமியாருக்கு விசா நேற்றோடு முடிந்திருக்கும். டிக்கிக்குள் சுவிஸ் நகையும் ஜெர்மன் சட்டிபானையும் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில்தான் இல்ஃபோர்டுக்கு போன் வரும்.

அக்கா பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தார். மன்னார்ப் பக்கத்து வேதக்கார அம்மா. வீட்டில் கார் ஓடுகிறவர் அவர்தான். கணவர் பின்சீற்றில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றாவது பிள்ளையாக உட்கார்ந்து வருவார். எல்லைகளைப் பற்றி அக்காவுக்கு உண்மையிலேயே எவ்வளவு தெரியும் என்று கேட்டால், பாதி அனுபவம், மீதி அடித்துவிடுகிறது என்றுதான் சொல்வேன். மத்தியானம் சாப்பிட்டு முடிந்த கையோடு எல்லைக்குப் போகவேண்டும் என்பார். "அவங்களும் மனிசர்தானே பிள்ளை. வயிறு நிரம்பினால் குணம் வரும்." மழை பெய்தால் நல்லது, ஒருவரும் கூரைக்குக் கீழிருந்து வெளியே வரமாட்டார்கள் என்பார். அழுகிற பிள்ளையை அழவிடவேண்டும், பால்போத்தலைக் கொடுத்து அடக்கக்கூடாது என்பார். அவர் பேச்சைக் கேட்டுப்போன ஒரு குடும்பத்தைப் பிடித்து டிக்கியைத் தலைகீழாகக் கொட்டி, ஊறுகாய்ப் போத்தலை உடைத்து அனுப்பினார்கள். அவர்கள் வந்து முறையிட்டபோது அக்கா கொஞ்சமும் அசையவில்லை. "நான் சொன்ன நேரத்துக்கு நீங்கள் போகேல்லை. பிழை உங்களிலை" என்றுவிட்டார்.

எல்லை மட்டுமல்ல. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விடியற்காலையில் எந்த வாசலில் வரிசைக்கு நிற்பது, எந்த டாக்டர் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்பார், கவுன்சிலில் எந்தப் பெண் சிரிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் வழி இருந்தது. தான் கண்டுபிடித்த வழியைத் தன்னோடு வைத்திருக்க அவரால் முடியாது. ஒருமுறை எங்கள் கடைத்தெருவில் மீன்கடை வெள்ளைக்காரன் பெரிய மீன்தலைகளை வெட்டிக் குப்பையில் எறிவதை அக்கா கண்டுவிட்டார். கேட்டவுடனே பையோடு கொடுத்துவிட்டான். எங்கள் இரண்டு வீட்டிலும் தலைக்குழம்பு மணத்தது. அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா தேவாலயத்தில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகும் என்னிடமும் "உங்கடை ஆக்களுக்கும் சொல்லு" என்றார். அந்த மாதம் முடியுமுன் கடை வாசலில் கொண்டையும் பொட்டுமாக ஒரு வரிசை நின்றது. மீன்காரன் தலையைத் தராசில் வைத்து விலை எழுதிவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கக்கூடாதோ அக்கா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சதைச் சொல்லாமல் வைச்சிருந்தால் எனக்கு வயிறு ஊதிப்போம் பிள்ளை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஒருவருக்கும் அவரோடு கோபமாக இருக்க வராது.

அக்காவுக்கு ஒரேயொரு தம்பி. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், அகதிகள் விடுதியொன்றில் இருந்தான். உணவகத்தில் சட்டி கழுவினான். அக்காவைப்போலவே வாய்க்காரன், என்னைக் கண்டால் "முருகன் ஆக்கள் எப்பிடி?" என்பான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவனுடைய வழக்குத் தள்ளுபடியானது. மேல்முறையீடும் போய்விட்டது. ஆவணி முடிவதற்குள் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கொழும்பில் அந்த நாட்களில் மன்னார் அடையாள அட்டை வைத்திருக்கும் இளைஞனுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றுதான் முதல் தடவையாக நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா அழும் சத்தம் கேட்டேன்.

அக்கா அவனை லண்டனுக்குக் கொண்டுவர முடிவுசெய்தார். என் கணவரின் தம்பிக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி நீள முகம், ஒரே மாதிரி மீசை. கணவரின் தம்பியுடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை இரவல் வாங்கினோம். செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆவணியில் ஜெர்மனியில், ஒல்லாந்து என்று நாங்கள் சொல்லும் நெதர்லாந்தின் எல்லைக்கு மிகக் கிட்ட உள்ள மாதா கோயிலுக்கு ஐரோப்பாவில் உள்ள தமிழ்ச் சனமெல்லாம் கூடும். வேதக்காரரோடு பாதிக்குப் பாதி சைவக்காரரும் போவோம். அந்த ஊரிலிருந்து அரைமணி தூரத்தில் என் தங்கச்சி இருந்தாள் என்பதால் எனக்கு மாதாவிடம் பக்தி கொஞ்சம் கூடவே வரும். திருவிழா முடிந்து ஞாயிறு காலை லண்டன் கார்கள் திரும்பும். அந்தக் கூட்டத்தோடு தம்பியும் திரும்பிவிடவேண்டும் என்பது அக்காவின் திட்டம்.

ஜெர்மனியிலிருந்து ஒல்லாந்துக்குப் போகப் பெரிய ரோட்டில் ஒரு எல்லை உண்டு. லொறிகள் நிற்கும், கூரை போட்ட பெரிய இடம். அக்கா அதை விட்டுவிட்டு இன்னொன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மாதா கோயில் ஊருக்குப் பின்னால் சோளக்காட்டுக்கு நடுவில் போகும் ஒடுங்கின ரோட். அதன் முடிவில் ஒரு சின்னக் கொட்டில், ஒரு காவல்காரர். உழவு மெஷின்களும் சைக்கிள்களும் போகும் இடம். போன வருடம் அக்கா அதால் போனபோது அந்த மனிதர் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். பூசை முடிந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் முதல் ஆட்களாக அந்த வழியால் கழன்றுவிடுவது என்று பேசிக்கொண்டோம். அக்காவின் கார் முன்னால். தம்பியோடு நாங்கள் பின்னால்.

பூசை முடிந்தது. கார்கள் நிறுத்திய புல்வெளிக்கு வந்தோம். அங்கே சனம் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. லண்டன் கார்க்காரர் ஒருவர் கையில் கடுதாசித் தட்டோடு வந்தார்.

"அக்கா, எதாலை திரும்பிறது?"

அக்காவின் கணவர் காருக்குள் இருந்தபடி, "இண்டைக்கு ஒருநாள் தெரியாது எண்டு சொல்லன்" என்று பல்லைக் கடித்துச் சொன்னார். எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

அந்த மனிதரின் மனைவியிடம் கைப்பிள்ளை இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்தார். "பெரிய ரோட்டுக்குப் போகாதேங்கோ, வரிசையிலை பிள்ளை காஞ்சுபோம்" என்றார். பிறகு அந்த மனிதரின் தட்டை வாங்கிக் கவிழ்த்து, அவர் சட்டைப்பையில் இருந்த நீலப் பேனையால் கோடு கீறினார். கோயில் கோபுரம், இடதுபக்கம் திரும்பும் அம்புக்குறி, சோளக்காடு. அவர் கீறி முடிப்பதற்குள் இன்னும் இரண்டுபேர் தட்டோடு வந்துவிட்டார்கள். பிறகு நாலுபேர். அக்கா காரின் முன்பக்கத்தில் தட்டை வைத்து ஒவ்வொருவருக்கும் வேர்க்க வேர்க்கக் கீறிக்கொடுத்தார். நான் போய்த் தோளைத் தொட்டேன். "இந்தா முடிஞ்சுது, இந்த ஒரு ஆள்தான்" என்றார். தம்பி எங்கள் காருக்குள் சவரம் செய்த முகத்தோடு, இரவல் பெயரை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். நாங்கள் முதலாவதாகப் போயிருக்கவேண்டியவர்கள். புறப்பட்டபோது புல்வெளி அநேகமாக வெறுமையாகிவிட்டது.

சோளக்காட்டு ரோட்டில் திரும்பியதும் முன்னால் அக்காவின் கார், அதற்கு முன்னாலும் கார்கள். எல்லாவற்றிலும் பின்கண்ணாடியில் மாதா படம். ஜன்னல்களில் காஞ்சிபுரச் சேலைத் தலைப்பு பறந்தது. உழவு மெஷின் ஒன்று வழிவிட முடியாமல் ஓரத்தில் நின்றது. அதில் இருந்த கிழவர் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார். அந்த ரோட்டை அவர் தன் ஆயுளில் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். திரும்ப இடமில்லை, எங்களுக்குப் பின்னாலும் ஒரு கார் வந்துவிட்டது.

பேப்பர் வாசிக்கிற காவல்காரர் அன்று தனியாக இல்லை. கார் வரிசையைக் கண்டு அவர் கூப்பிட்டிருக்கவேண்டும், பொலிஸ் வான் ஒன்று வந்து நின்றது. அக்காவின் காரில் எல்லோருக்கும் சரியான பாஸ்போர்ட். பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பினார்கள். ஒல்லாந்துப் பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் எங்களுக்காகக் காத்திருப்பது என்று முன்பே பேசியிருந்தோம். எங்களை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் பாஸ்போர்ட் படத்தையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலைமயிரை ஒதுக்கிக் காதைக் காட்டச் சொன்னான். காது இரவல் கிடைக்கவில்லை.

கொட்டிலுக்குள் எங்களை இருத்தினார்கள். மேசையில் ஒரு கடுதாசித் தட்டு கிடந்தது. சம்பல் கறை, கோபுரம், அம்புக்குறி. எங்களுக்கு முன்னால் போன யாரோ ஒருவரிடம் "இந்த வழி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் வஞ்சகமில்லாமல், சந்தோஷமாகத் தட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். மூலையில் தமிழில் எழுதியிருப்பது என்ன என்று என் கணவரிடம் கேட்டார்கள். 'இஞ்சை ஆக்கள் நிக்கிறேல்லை, பயப்பிடாமல் போங்கோ' என்று எழுதியிருந்தது. தனக்கு அந்தக் கையெழுத்து விளங்கவில்லை என்று சொன்னார்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கான்ரை எழுத்து" என்றான். அவன் முகத்தில் கோபமே இல்லை, எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு என் பக்கம் குனிந்து, "இதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றான்.

அவனை வானில் ஏற்றினார்கள். என் கணவரைப் பின்னேரம் வரை வைத்து விசாரித்து, வழக்குப் பதிந்து, அனுப்பினார்கள். நாங்கள் லண்டன் வந்து சேர்ந்தபோது அக்கா எங்கள் வாசற்படியில் இருந்தார். பெற்றோல் நிலையத்தில் காத்திருந்து, கப்பலைத் தவறவிட்டு, அடுத்ததில் வந்திருக்கிறார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். என் கணவருக்குப் பயமும் களைப்பும் சேர்ந்து வெடித்துவிட்டது.

"உங்கடை தட்டு அங்கை மேசையிலை கிடக்குது அக்கா! ஊருக்கெல்லாம் வழி காட்டினியள், உங்கடை தம்பிக்குக் காட்டினியளோ?"

அக்கா எழும்பித் தன்னுடைய வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

தம்பியைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். இறங்கியதும் ஒரு லொட்ஜிலிருந்து ஒருமுறை போன் எடுத்தான். சாப்பாடு நல்லாயிருக்கு என்றானாம். அடுத்த கிழமை அந்த லொட்ஜைப் படையினர் சுற்றிவளைத்து இளைஞர்களைக் கொண்டுபோனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. எந்தச் சிறையிலும் அவன் பெயர் இல்லை. அக்கா எத்தனையோ பேரைப் பிடித்துக் கேட்டார், எழுதினார், அழுதார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அடுத்த ஆடியில் டெலிபோன் வழக்கம்போல அடித்தது. சனத்துக்கு மறதி வரம். "எனக்குத் தெரியாது. வேறை ஆரையும் கேளுங்கோ" என்ற குரல் மட்டும் இந்தப் பக்கம் கேட்டது. அக்கா காரை விற்றுவிட்டார். கொஞ்சக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான் என்பதைக் கண்டேன். குரோய்டனுக்குப் போகிற பையன் வந்து கேட்டான், தெரியாது. டாக்டர் யார் நல்லவர்? தெரியாது. முதலில் பாவமாக இருந்தது. பிறகு எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் நாங்கள் இரண்டுபேரும் நின்றோம். புதிதாக வந்த ஒரு கர்ப்பிணிப் பெண், வயிறு முன்னால் தள்ள, ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "அன்ரி, ஆஸ்பத்திரிக்கு இந்த ட்ரெயின் போகுமோ?" அவள் காட்டிய ட்ரெயின் எதிர்ப்பக்கம் போகிறது. பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிற அக்கா, "தெரியாது பிள்ளை" என்று முகத்தைத் திருப்பினார். அவள் அதிலேயே ஏறிவிட்டாள். நான் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவளை இழுத்து இறக்கினேன். திரும்பிவந்து அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா? வாயிலை இருக்கிற ஒரு சொல்லைச் சொன்னால் என்ன குறைஞ்சுபோம்?"

"நான் சொல்லி ஒருத்தரும் போகவேண்டாம்" என்றார். அன்றைக்குப் பிறகு அவரிடம் நான் ஒரு வழியும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த எல்லைகளைத் திறந்துவிட்டார்கள். ஜெர்மனியிலிருந்து ஒல்லாந்து, பெல்ஜியம் என்று ஒருவரும் மறிக்காமல் கார் போகலாம் என்றார்கள். அடுத்த கோடையில் அக்கா தானாக வந்து, மாதா கோயிலுக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். என் கணவர் மறுபேச்சில்லாமல் ஓம் என்றார். திருவிழாவில் அக்கா ஒருவரோடும் கதைக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தினார், முழங்காலில் நின்றார், எங்கள் காரின் பின்சீற்றில் எனக்குப் பக்கத்தில் வந்து ஏறினார்.

ஊர் எல்லையில் ரோட் இரண்டாகப் பிரியும் இடத்தில் என் கணவர் காரை மெதுவாக்கினார். இப்போது எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். ஆனாலும் அவருக்கு ஸ்டியரிங்கைத் திருப்பக் கை வரவில்லை.

"பிள்ளை, இவரைப் பெரிய ரோட்டாலை போகச் சொல்லு" என்றார் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "அவன் அண்டைக்கு அதைத்தான் கேட்டவன். முதல் நாள் உன்ரை தங்கச்சி வீட்டு அடுப்படியிலை நிண்டு, 'அக்கா, பெரிய ரோட்டாலை போவம், சனத்துக்கை சனமாப் போயிடலாம்' எண்டவன். எனக்குத் தெரியாததோ எண்டு நான்தான் ஏசினனான்."

என் கணவர் பெரிய ரோட்டுக்குத் திருப்பினார். இரண்டு பக்கமும் லொறிகள் ஓடின. அக்கா பாஸ்போர்ட்டை எடுத்துப் படமுள்ள பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்தார். கார் வேகம் குறையவே இல்லை. நெடுநேரம் கழித்து, "போர்டர் வரமுதல் சொல்லுங்கோ" என்றார்.

என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அது அப்பவே போயிட்டுது அக்கா. நாங்கள் ஒல்லாந்துக்கை ஓடிக்கொண்டிருக்கிறம்."

அக்கா நம்பவில்லை. முன்னால் போகும் கார்களின் நம்பர்களைப் பார்த்தார், ரோட்டோரப் பலகையைப் பார்த்தார், திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்தார். அங்கே வந்த ரோட் மட்டும்தான் கிடந்தது.

"ஒருத்தரும் மறிக்கேல்லையே பிள்ளை" என்றார். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே."

பாஸ்போர்ட் காலடியில் விழுந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, எங்கள் இருவருக்கும் முன்னால், வாய்விட்டு அழத் தொடங்கினார்.